அணைத்த பிறகும் ஆறாத அடுப்பு

வணக்கம் ஐயா,

கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறேன். கேட் மதிப்பெண், நேர்முகத் தேர்வு எல்லாம் தாண்டி இந்திய அணுமின் கழகத்தில் பயிற்சிப் பொறியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். அடுத்த மாதம் கர்நாடகத்தில் கைகா அணுமின் நிலையத்தில் சேர வேண்டும். ஓராண்டுப் பயிற்சி, பிறகு மூன்றாண்டு பாண்ட். கல்லூரியில் அணு இயற்பியல் படித்ததில்லை. இந்த ஒரு மாதத்தில் எதைப் படிக்கலாம்? "ஷிப்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கிற வேலை, மூளை துருப்பிடித்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவுக்குக் கதிர்வீச்சு பயம். "நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால்?" என்று தினமும் கேட்கிறார். போகும்போது என்ன கொண்டு போக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

இந்த ஒரு மாதத்தில் அணு இயற்பியலைத் தொட வேண்டாம். வகுப்பில் சொல்லித் தருவார்கள், தேவையான அளவுக்கு வந்துவிடும். எடுத்துப் படிக்க வேண்டியது நீங்கள் ஏற்கெனவே படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்ததைத்தான். பம்பின் வளைவு, உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் ஏன் குமிழி கட்டுகிறது, நீராவி அட்டவணையைப் பார்க்கும் முறை, வெப்பப் பரிமாற்றி, வால்வு வகைகள். கூடவே, இயந்திரவியல்காரர்கள் பொதுவாக ஒதுக்கிவைக்கும் மின்சாரம்: பிரேக்கர், ரிலே, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொழிலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

கைகாவில் ஓடுபவை 220 மெகாவாட் கனநீர் உலைகள், நான்கு. (கனநீர் என்பது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்.) ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். ஒரு குழாய்க்குப் பன்னிரண்டு எரிபொருள் கட்டுகள். அந்தக் கட்டுகளின் சூட்டைக் கனநீர் வாங்கிக்கொண்டு நீராவி ஜெனரேட்டருக்குப் போகும், அங்கே சாதாரணத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். டர்பைனைச் சுற்றுவது அந்தச் சாதாரணத் தண்ணீரின் ஆவிதான். 220 மெகாவாட் மின்சாரத்துக்கு உலை சுமார் 750 மெகாவாட் வெப்பம் தருகிறது.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை நிறுத்தினால் நெருப்பு அணையும். இங்கே யுரேனிய அணுக்கள் பிளந்துகொண்டே போகும் தொடர்வினையை நிறுத்தினாலும், பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே சூட்டைத் தரும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாள் கழித்து அரை சதவீதம் போல. சதவீதத்தில் கேட்டால் சின்னதாகத் தோன்றும். தண்ணீராக மாற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் சுமார் 10 மெகாவாட். அந்தச் சூட்டை வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெளியேற்றுவதென்றால், சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். மறுநாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லாரி. லாரி நின்றால் எரிபொருள் காயும். இந்த வேலையில் நீங்கள் சந்திக்கப்போகும் விதிகளில் பாதி, லாரி நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காக எழுதப்பட்டவை.

அதனால்தான் மின்சாரம் படிக்கச் சொன்னேன். நம் கனநீர் உலைகளில் மின்வழங்கலை நான்கு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். நான்காம் வகுப்பு கிரிட்டிலிருந்தும் நிலையத்தின் சொந்த ஜெனரேட்டரிலிருந்தும் வருவது, போனால் போகும். மூன்றாம் வகுப்பு போனால் டீசல் ஜெனரேட்டர் ஓடித் திரும்பக் கொடுக்கும். இரண்டாம் வகுப்பு தடையில்லா மாறுமின்சாரம். முதல் வகுப்பு பேட்டரியின் நேர்மின்சாரம். எந்த பம்ப் எந்த வகுப்பில் தொங்குகிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக வேண்டும். கிரிட் போன நொடியில் எது நிற்கிறது, எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது அரை நிமிடம் நின்று மறுபடி ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வராதவர் கன்ட்ரோல் ரூமுக்குத் தயாராகவில்லை.

நான்கு வகுப்பும் ஒன்றாகப் போனால்? போயிருக்கிறது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் நரோரா முதல் அலகு. டர்பைனின் தாழ்வழுத்தப் பகுதியில் பிளேடு உடைந்தது. அதனால் வந்த அதிர்வில் ஜெனரேட்டரின் சீல்கள் சிதைந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெய் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்கள் வழியாக ஊர்ந்தது. மாற்று வழங்கலின் கேபிள்களும் போதிய இடைவெளியும் தடுப்பும் இல்லாமல் பக்கத்திலேயே போயிருந்ததால் எல்லாம் சேர்ந்து கருகின. கன்ட்ரோல் ரூமில் புகை நிறைந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழு இருட்டு. உலையை முதல் நிமிடத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அடுப்பு ஆறவில்லை அல்லவா? தனி டீசல் எஞ்சினில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். உலைக்குள் கனநீர் பம்ப் இல்லாமல், சூடானது மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கித் தானாகவே சுழன்றது. சிலர் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, தொடர்வினை மறுபடி எழாமல் தடுக்கும் போரான் கரைசலை உலைக்குள் இறக்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை.

அந்த இருட்டில் அவர்களைக் காப்பாற்றியது எந்த வால்வு எங்கே, எந்தப் படிக்கட்டில் ஏறினால் அதைத் தொடலாம் என்பது காலுக்குத் தெரிந்திருந்ததுதான். பயிற்சிக் காலத்தில் நீங்கள் சம்பாதிக்க வேண்டியதும் அதுதான். வழி எளிது, அலுப்பானது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிஸ்டம் எடுங்கள். அதன் ஃப்ளோஷீட்டை, அதாவது குழாய் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பம்பின் உறிஞ்சுமுனையில் தொடங்கி, குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி வரை நடங்கள். ஒவ்வொரு வால்விலும் நின்று நான்கு கேள்வி: எண் என்ன, சாதாரணமாகத் திறந்திருக்குமா மூடியிருக்குமா, வால்வை இயக்கும் கருவிக் காற்று போனால் எந்தப் பக்கம் போய் நிற்கும், மின்சாரம் எந்த வகுப்பு. மாலையில் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள். வரைய வராத இடத்துக்கு மறுநாள் திரும்பப் போங்கள். கைகாவில் கற்றதை வேறு நிலையத்துக்கு மாற்றல் வந்தால் அப்படியே எடுத்துப் போக முடியாது, அங்கே மறுபடி நடக்கத்தான் வேண்டும்.

கைவேலையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில. கைவால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க அதை மூடும் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். திறக்கும் பக்கம் திருப்பினால் இறுகிக்கொண்டு நிற்பதும் முழுதாகத் திறந்து நிற்பதும் ஒன்று போலவே இருக்கும். (பூட்டுப் போட்ட வால்வைக் கன்ட்ரோல் ரூமைக் கேட்காமல் தொடவே கூடாது.) பழுது பார்த்த பம்பில் தண்ணீர் நிரப்பும்போது வென்ட் வழியாகக் காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் பம்ப் சுற்றும், தண்ணீர் நகராது. குளிர்ந்த நீராவிக் குழாயில் ட்ரெயினைத் திறந்து தேங்கிய நீரை வடிக்காமல் நீராவியை விட்டால் அந்தத் தண்ணீர் சம்மட்டியாக மாறி வளைவுகளை அடிக்கும். இவற்றைவிட மோசமானது அலகு மாறிப்போவது. முதல் அலகும் இரண்டாம் அலகும் இரட்டைக் குழந்தைகள். ஒன்றில் பெர்மிட் வாங்கிவிட்டு மற்றதில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத் திறக்கப் போவது உலகெங்கும் நடக்கும் தவறு. விரலை டேக் மீது வைத்து எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். போனில் உத்தரவு வந்தால் அதைத் திருப்பிச் சொல்லி, "சரி" என்று மறுமுனை சொன்ன பிறகே கையை வையுங்கள். முதல் வாரம் நாடகம் போலக் கூச்சமாக இருக்கும்.

மூளை துருப்பிடிக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சரி. நன்றாக ஓடும் நிலையம் சலிப்பானது. கைகா முதல் அலகு 2016 மே 13 முதல் 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் நிற்காமல் ஓடியது, அப்போது அது உலக சாதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் மாற்றலாம் என்பதால்தான் இது முடிகிறது. இரு முனையிலும் இரண்டு இயந்திரங்கள் பொருந்தி, நாளுக்கு ஏறத்தாழ எட்டுப் புதிய கட்டுகளைத் தள்ளிப் பழையதை வாங்கிக்கொள்ளும். ஆபத்து அந்தச் சலிப்பில்தான் ஒளிந்திருக்கிறது. ரவுண்ட்ஸ் போகாமல் நேற்றைய ரீடிங்கைப் பார்த்து இன்றையதை எழுதுகிறவர் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. நீங்கள் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள், பேரிங்கில் காது வையுங்கள், பம்பின் தண்டு வெளியே வரும் கிளாண்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள்.

சலிப்பு ஒரே நொடியில் கலைவதும் உண்டு. உலை திடீரென்று நின்றால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அயோடின்-135 சிதைந்து செனான்-135 ஆகிறது. நியூட்ரான்களை விழுங்குவதில் அதற்கு நிகர் அதுவே. அயோடினின் அரை ஆயுள் ஆறரை மணி, செனானுடையது ஒன்பது மணி. உலை ஓடும்போது செனானை நியூட்ரான்களே எரித்துவிடும். நின்றதும் எரிக்க ஆளில்லை, சேர்ந்துகொண்டே போகும். இயற்கை யுரேனியத்தில் ஓடும் இந்த உலைகளுக்குச் செனானை மீறித் தொடர்வினையை நடத்தும் மிச்ச பலம் குறைவு. சுமார் அரை மணி நேரத்துக்குள் திரும்ப ஏற்றாவிட்டால் ஒன்றரை நாள் காத்திருக்கத்தான் வேண்டும். 220 மெகாவாட்டுக்கு அது 79 லட்சம் யூனிட் மின்சாரம். ஆகவே எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். உலை ஏன் நின்றது என்று தெரியாமல், அரை மணி போய்விடுமே என்று ஏற்றத் துடிப்பதுதான் இந்த வேலையின் பெரிய சபலம். காரணம் தெரியவில்லையா, செனான் வரட்டும். யூனிட்டுகள் போகட்டும். இதை இளையவர் சொன்னால் கேட்பார்களா என்று யோசிக்காமல் சொல்லிப் பழகுங்கள்.

இப்போது அம்மா. அவரிடம் எண்ணாகச் சொல்லுங்கள், பயம் எண்ணுக்குக் கொஞ்சம் இறங்கும். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு: பணியாளருக்கு ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-க்கு மேல் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் மிச்ச மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும், ஆகவே சந்தேகம் வந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது. மனிதர்கள் இயற்கையிலிருந்தே வாங்குவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4. உங்கள் ஊர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அந்த மணலில் நடந்து வளர்ந்தவர் நீங்கள், அம்மாவும்தான்.

அதற்காக அலட்சியம் வேண்டாம். கனநீர் உலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது டிரிட்டியம். கனநீரில் இருக்கும் ஹைட்ரஜனே நியூட்ரானை வாங்கிக் கதிரியக்கமுள்ள டிரிட்டியம் ஆகும். கசிந்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். மூக்கை மூடினால் போதாது, தோல் வழியாகவும் புகும். அதனால்தான் சில வேலைகளுக்குக் காற்று ஊட்டிய பிளாஸ்டிக் சூட் போடச் சொல்வார்கள். மார்பில் குத்தும், கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் டிரிட்டியத்தைக் காட்டாது, சிறுநீர் மாதிரிதான் காட்டும். சோம்பல்பட்டு மாதிரி கொடுக்காமல் விடாதீர்கள். உடம்பில் புகுந்தது சுமார் பத்து நாளில் பாதியாகும், நிறையத் தண்ணீர் குடித்தால் இன்னும் சீக்கிரம். வெளிக் கதிர்வீச்சுக்கு எதிரி தூரம். சிறிய மூலத்திலிருந்து ஒரு மீட்டரில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் என்றால் இரண்டு மீட்டரில் அரை மில்லிசீவர்ட்தான். ஸ்பேனர் சரியான அளவா, கேஸ்கெட் எடுத்தாயிற்றா என்று வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மறந்ததை எடுக்க இன்னொரு தடவை போவதில்தான் வீண் டோஸ் சேரும்.

பயிற்சி முடிந்ததும் வாய்ப்பிருந்தால் பராமரிப்பைவிட ஆபரேஷனைக் கேளுங்கள். கன்ட்ரோல் ரூம் உரிமம் எழுத்துத் தேர்வு, களத்தில் நடத்திக் கேட்பது, சிமுலேட்டர், நேர்முகம் என்று பல சல்லடை தாண்டி வரும், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சல்லடைகளுக்குப் பயப்பட வேண்டாம். குழாய்களோடு நடந்தவருக்கு அவை கடினமில்லை.

கொண்டு போக: கைகா உத்தர கன்னட மலைக்காடு, மழை உங்கள் ஊர் மழையைத் தூக்கிச் சாப்பிடும். குடை உதவாது, ரெயின்கோட் வாங்குங்கள். கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் இந்தி. கோடு போடாத நோட்டு நாலைந்து, வரைய. பாதுகாப்புக் காலணி அங்கேயே கொடுப்பார்கள்.