வெனிலாக் கொடியைக் காய்க்க வைத்தவன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நூலக வகுப்பில் பிள்ளைகளுக்கு உணவுகள் பிறந்த கதையைச் சொல்லிவருகிறேன். வறுவல் மெல்லிசாக இல்லை என்று ஒருவர் திருப்பித் திருப்பி அனுப்ப, கோபத்தில் சமையல்காரர் காகிதம்போலச் சீவிப் பொரித்ததில் சிப்ஸ் வந்தது. சீட்டாட்டத்தை விட்டு எழ மனமில்லாத பிரபுவால் சாண்ட்விச் வந்தது. தஞ்சை அரண்மனைக்கு விருந்தாளியாக வந்த சம்பாஜிக்காகச் செய்தது சாம்பார். எல்லாமே தற்செயலாக நடந்தவை என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று சொன்ன மறுநாள் ஒரு மாணவியின் தாத்தா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். அடுத்து ஐஸ்கிரீம். நீரோ மன்னன் பனிக்கு ஆள் அனுப்பியது, மார்க்கோ போலோ சீனாவிலிருந்து செய்முறை கொண்டுவந்தது எல்லாம் படித்துவைத்திருக்கிறேன். இவையெல்லாம் உண்மையா? எட்டு வயதுக்கு எவ்வளவு உண்மை சொல்லலாம்?

ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் தாத்தாவை முடித்துவிடுவோம். அவர் வீட்டில் திவசத்தன்று மிளகு மட்டும் போட்டுச் சமைக்கிற வழக்கம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அன்றைக்கு ஏன் அடுப்படிக்குள் வருவதில்லை என்று அடுத்துக் கேளுங்கள். போர்ச்சுக்கீசியர் கப்பல் வருவதற்கு முந்தைய சமையலை அவர் வீடே வருடா வருடம் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் அவரோடு பேச வேண்டாம்.

நீரோ, மார்க்கோ போலோ இரண்டும் கட்டுக்கதை. சிப்ஸ் கதையை 1853இல் அமெரிக்காவின் சரடோகாவில் நடந்ததாகச் சொல்வார்கள். 1817லேயே லண்டனில் அச்சான சமையல் புத்தகத்தில் உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்கும் செய்முறை இருக்கிறது. சம்பாஜிக்கு அந்தக் காலத்துச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. போதுமா?

எட்டு வயதுக்கு எவ்வளவு உண்மை என்று அளவு கேட்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இது என்ன, காலையில் அரை மாத்திரை, இரவில் அரை மாத்திரையா? நீங்கள் சொன்ன கதைகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஒன்று மன்னன் வருகிறான், இல்லையென்றால் தற்செயல் வருகிறது. விதைத்தவரும் அரைத்தவரும் பொரித்தவரும் எங்கே? ஒரே ஒரு சமையல்காரர் தலைகாட்டுகிறார். அவருக்கும் கோபத்தைத்தான் கொடுத்திருக்கிறீர்கள், மூளையைக் கொடுக்கவில்லை. கைவேலை செய்கிறவன் எதையாவது கண்டுபிடித்தால் அது தற்செயல், படித்தவன் கண்டுபிடித்தால் அறிவு என்ற பாடம் சிரிப்போடு சிரிப்பாகப் பிள்ளைகளுக்குள் போய்விடுகிறது. தெரியாமல்தான் செய்கிறீர்கள். ஆனாலும் செய்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நானே வெனிலாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் என்றீர்கள், விடமாட்டேன்.

வெனிலா மெக்சிகோவில் பிறந்த ஆர்க்கிட் கொடி. பாபந்த்லா பக்கத்து டோட்டோனாக் மக்கள் அதை வளர்த்தார்கள். ஐரோப்பியர் கொடியைத் தங்கள் நாட்டுக் கண்ணாடி வீடுகளுக்கும் தீவுத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று தடுத்து நிற்கிறது. சொந்த மண்ணில் பூச்சிகள் செய்துகொடுத்த வேலையைப் போன இடத்தில் செய்ய யாரும் இல்லை. 1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஷார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டக்காரர்களுக்கு உதவும் அளவுக்கு அந்த முறை எளிதாக இல்லை.

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. அங்கே செயின்ட் சூசான் ஊரில் 1829இல் அடிமையாகவே பிறந்தவன் எட்மோன். பிறந்தபோதே தாயை இழந்தவன். எஜமான் பெல்லியே-போமோனுக்குச் செடிகொடிகளில் பித்து. பையனைத் தோட்டத்தில் கூடவே வைத்துக்கொண்டார். தர்பூசணி இனத்துக் கொடியில் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் சேர்த்துவைப்பதை அவனுக்குக் காட்டியிருந்தார். எழுதப் படிக்கக் கற்றுத்தரவில்லை. 1841இல் ஒருநாள், சுமார் இருபது வருடமாக மலடாக நின்ற வெனிலாக் கொடியில் காய்களைப் பார்த்துத் திகைத்தார். நான்தான் செய்தேன் என்றான் பையன். அவர் நம்பவில்லை. மேலும் காய் பிடித்த பிறகு, செய்துகாட்டு என்றார். மெல்லிய குச்சியால் மடலைத் தூக்கினான், கட்டைவிரலால் அழுத்தினான். அவ்வளவுதான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது.

இதையும் தற்செயல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்! டீச்சர், தற்செயலாக யாரும் பூவைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு கொடியில் பார்த்த வேலையை, உருவமே வேறான இன்னொரு கொடிக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறான். தடுப்பது மடல்தான் என்று அவன் கண்டுகொண்டான். ஆராய்ச்சி என்பது இதற்கு மேல் என்ன? பிற்பாடு ரிஷார் என்ற தாவரவியலாளர், அந்த முறையைத் தீவில் தான்தான் முன்பே சொல்லிக்கொடுத்ததாக உரிமை கோரினார். பையனுக்காக மறுத்து எழுதியவர் பழைய எஜமான்தான். அதற்காக அவரை மகாத்மா ஆக்கிவிடாதீர்கள். அடிமை வைத்திருந்தவர்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டி அனுப்பி எட்மோனை அழைத்துப்போய்த் தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். தீவு வெனிலாவில் கொழித்தது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்று ஒரு குடும்பப்பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நகைத் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனான். பெல்லியே-போமோன் ஆளுநரிடம் மன்றாடியதால் முன்கூட்டியே வெளியே வந்தான். 1880இல் ஏழையாகச் செத்தான். சிறையையும் சொல்லுங்கள், வறுமையையும் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அநியாயம் புரியும், நமக்குத்தான் பழகிவிட்டது. அடிமைகள் விடுதலையான பிறகு தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். அங்கே இன்றைக்கும் தீமிதி நடக்கிறது. அது தனிக் கதை.

2000ஐ ஒட்டிய வருடங்களில் பொள்ளாச்சிப் பக்கம் என் சித்தப்பாவும் பாக்குத் தோப்பில் வெனிலா வைத்தார். மடகாஸ்கரில் புயல் அடித்து உலகமெங்கும் விலை ஏறிய நேரம். காலையில் விரிகிற பூ மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்பதால் விடிந்ததுமே பெண்கள் ஈர்க்குச்சியோடு வந்துவிடுவார்கள். பழகிய கை ஒரு காலைக்குள் ஆயிரம் பூவைத் தாண்டும். நானும் ஒரு பூவைத் தொட்டேன். ஓர் அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "நகத்த வெட்டிப்போட்டு வாங்க தம்பி, பூவெல்லாங் கிழியுதல்ல?" அந்த அக்காவுக்கு எட்மோனைத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. காய் முற்ற எட்டொன்பது மாதம், அதை வெந்நீரில் நனைத்து, வெயிலில் காட்டி, பொதிந்து வைத்துப் பதப்படுத்த இன்னும் சில மாதம். எல்லாம் முடிந்து விற்கப் போனபோது விலை விழுந்துவிட்டது. கொடியை வெட்டிப் போட்டார்கள். அந்த அக்கா தென்னைநார் மில்லுக்குப் போய்விட்டதாகச் சித்தி சொன்னாள். சித்தப்பாவின் நஷ்டத்தைப் பற்றி எங்கள் குடும்பம் இன்னும் பேசுகிறது. அக்காவின் கூலி நின்றதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். பிள்ளைகள் வாங்கும் கப் ஐஸில் பெரும்பாலும் வெனிலாக் காயே இருக்காது. 1874இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மன் என்ற இருவர் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து அந்த மணத்துக்குரிய வெனிலினைச் செய்துவிட்டார்கள். இப்போது ஆலையில் தயாராவதே அதிகம். காயிலிருந்து எடுப்பது பெரும்பாலும் இன்றும் மடகாஸ்கரில் யாரோ ஒருவர் கட்டைவிரலால் அழுத்தியதுதான்.

வகுப்புக்கு வெனிலாக் கொடி கிடைக்காது, பூசணி கிடைக்கும். காம்போடு நிற்பது ஆண் பூ, அடியில் குட்டிப் பிஞ்சு தெரிவது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் செய்துவிடுங்கள். காய் பிடித்தால் அது யார் தொட்ட பூ என்று சண்டை வரும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

அன்புடன்.