ரத்தான பயணம்: காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: மே 14 அன்று குடும்பத்துடன் மலேசியா செல்லவிருந்தோம். 9ஆம் தேதி இரவு என் தந்தைக்கு மாரடைப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்ததால், மறுநாளே பயணத்தை ரத்து செய்தோம். விமான டிக்கெட்டுக்கு 84,000 ரூபாயும் தங்கும் விடுதிக்கு 22,000 ரூபாயும் கட்டியிருந்தோம். விமான நிறுவனம் வரிகள் என்று 9,600 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தது. தந்தை எங்களுடன் வருவதாக இல்லை. பயணக் காப்பீட்டில் முழுத் தொகையையும் கேட்டு எழுதலாமா? அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் குறிப்பிட வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முழுத் தொகையைக் கேட்காதீர்கள், 96,400 ரூபாய் கேளுங்கள். காப்பீடு ஈடுகட்டுவது உங்கள் கையை விட்டுப் போன பணத்தை மட்டுமே. பணம் திரும்பாத டிக்கெட்டானாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி என்பதால், கோரிக்கையைப் பரிசீலிப்பவர் அந்தத் தொகையைக் கழித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார். கழிக்காமல் கேட்டால், மற்றக் கணக்குகளின் மீதும் அவருக்குச் சந்தேகம் வரும். எவ்வளவு திரும்பியது, எவ்வளவு திரும்பாது என்பதை விமான நிறுவனத்திடமும் விடுதியிடமும் எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

அடுத்து, பாலிசியில் பயண ரத்து குறித்த பிரிவை எடுத்துப் படியுங்கள். உங்கள் தந்தை பயணி அல்லர் என்பதால், ‘நெருங்கிய குடும்பத்தினர்’ என்பதற்குப் பாலிசி தரும் வரையறையில் பெற்றோர் இருக்கிறார்களா, வயது வரம்பு ஏதேனும் உண்டா என்பதில்தான் உங்கள் கோரிக்கையே நிற்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். தேடும் வேலையை எதிர்த் தரப்புக்கு விடாதீர்கள்.

கடிதத்தின் உயிர் தேதிகளில் இருக்கிறது. பாலிசி எடுத்த நாள், நோய் கண்ட நாள், ரத்து செய்த நாள், நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன நாள் ஆகியவை வரிசையாக வர வேண்டும். “மே 9 இரவு என் தந்தை மாரடைப்பால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார், அவருடன் நான் இருப்பது அவசியம் என மருத்துவர் கூறியதால் மே 10 அன்று பயணத்தை ரத்து செய்தேன், அதனால் திரும்பப் பெற இயலாத இழப்பு 96,400 ரூபாய்” என்று எழுதினால் போதும். தந்தைக்கும் உங்களுக்கும் உள்ள பாசத்தை இரண்டு பக்கம் எழுதுவதால் ஒரு ரூபாயும் கூடாது. மருத்துவர் சொன்னதை அவரிடமே சான்றாக வாங்குங்கள்.

சர்க்கரை நோயை மறைக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எப்படியும் இருக்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி மறுக்க அவர்கள் முயலக்கூடும். அதனால், நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் இருப்பதையும், பாலிசி எடுத்தபோது இதய நோய்க்கான அறிகுறியோ சிகிச்சையோ இருந்ததில்லை என்பதையும், அதுவே உண்மையானால், நீங்களே முதலில் எழுதிவிடுவது நல்லது.

கிளெய்ம் படிவம், பாலிசி நகல், பணம் கட்டிய ரசீதுகள், உறவைக் காட்டும் ஆவணம், ரத்து செய்யப்பட்ட காசோலை ஆகியவற்றை இணைத்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் உடைமைகள் தொலைந்ததற்கு, தாமதமாகத் தகவல் தந்தேன் என்று கூறி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: உண்டு. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். விமான நிலையத்தில் புகார் கொடுத்தபோது பெற்ற ரசீது இருந்தால் அதுவே உங்கள் பலமான சான்று. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டதற்கான நகல் இல்லாமல் அங்கே போக முடியாது. ஆகவே தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, முதலில் அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.