‘டீச்சர், இதைப் பெருக்கணுமா, வகுக்கணுமா?’

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் 8-ம் வகுப்புக்குக் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். போர்டில் போட்டுக் காட்டிய கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு, ‘டீச்சர், இதைப் பெருக்கணுமா, வகுக்கணுமா?’ என்கிறார்கள். அறிவியலிலும் செய்முறையை எழுதுகிறார்கள், ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பீரியட் 40 நிமிடம்தான், பாடத்தையும் முடிக்க வேண்டும். யோசிக்க எப்படிப் பழக்குவது?

பதில்: பிள்ளைகள் கேட்கும் அந்தக் கேள்வியிலேயே சிக்கல் தெரிகிறது. அவர்களுக்குப் பெருக்கத் தெரியும், வகுக்கவும் தெரியும். எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அந்த முடிவை எடுக்கும் வேலை அவர்களிடம் வந்ததே இல்லை. ‘எதிர் விகிதம்’ (ஒன்று இரு மடங்கானால் மற்றது பாதியாவது) என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே பத்துக் கணக்கையும் எதிர் விகிதமாகவே கொடுத்தால், கேள்வியைப் படிக்காமலே போட்டுவிடலாம். முடிவைத் தலைப்பே எடுத்துவிடுகிறது.

இதைவிடக் கெடுதல் செய்வது ‘மொத்தம் என்றால் கூட்டு, அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று சொல்லிக்கொடுப்பது. இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ‘ராணியிடம் 40 ரூபாய் இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதைவிட 15 ரூபாய் அதிகம். மாலாவிடம் எவ்வளவு?’ ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் 55 என்பார்கள். சரியான விடை 25. வகுப்பில் இந்தச் சூத்திரம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு பட்டைகள் வரையச் சொல்லுங்கள், ராணிக்கு ஒன்று, மாலாவுக்கு ஒன்று. எந்தப் பட்டை நீளம் என்று கேட்டாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி: ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் ஏறலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். மீதி 12 பேர் எதில் போவார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? வாரத்தில் ஒரு நாள், பீரியடின் கடைசி 12 நிமிடத்தை ஒதுக்குங்கள். தலைப்பு எதுவும் போடாமல் இந்த மூன்று கணக்குகளையும் ஒன்றாக எழுதுங்கள்:

6 நோட்டின் விலை 90 ரூபாய். 15 நோட்டின் விலை?
ஒரு வேலையை 6 பேர் 10 நாளில் முடிக்கிறார்கள். 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?
வெயிலில் விரித்துப் போட்ட 6 துணிகள் காய 2 மணி நேரம் ஆகிறது. அதேபோல் விரித்துப் போட்ட 15 துணிகள் காய எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றிலும் 6, 15 என்ற அதே எண்கள் வருகின்றன. விடைகள் 225 ரூபாய், 4 நாள், 2 மணி நேரம். முதல் 2 நிமிடம் யாரும் கணக்குப் போடக் கூடாது. ‘கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?’ என்பதை மட்டும் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த 4 நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லிப் பேச வேண்டும். கடைசி 6 நிமிடத்தில் வகுப்பில் வந்த எல்லா விடைகளையும், தவறானவற்றையும் சேர்த்து, போர்டில் எழுதுங்கள். துணிக் கணக்குக்கு ‘5 மணி நேரம்’ என்று வரும். அதை எழுதும்போது உங்கள் முகம் மாறக் கூடாது. மாறினால் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ‘வீட்டில் துணி காயப்போடும்போது எப்படி?’ என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிட்டால் போதும், மற்றதை வகுப்பே பார்த்துக்கொள்ளும்.

இதில் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை முதலில் விடையைச் சொன்னதும் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை கை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றொன்று, நம் பொறுமை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டறிந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் போர்டு அருகே நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

பிள்ளை திணறும்போது வழியைச் சொல்லிவிடாமல், வேலையை அவர்களிடமே திருப்பும்படி கேளுங்கள்: ‘என்ன கேட்டிருக்கு, உன் வார்த்தையில சொல்லு’, ‘படம் போட்டுப் பாத்தியா?’, ‘பெரிய எண்ணை எடுத்துட்டு சின்ன எண்ணை வச்சுப் பாரு’, ‘விடை நடக்கிற மாதிரி இருக்கா?’ இந்த நான்கே போதும். மாதக்கணக்கில் இதையே கேட்டால் பிள்ளைகள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளத் தொடங்குவார்கள்.

இதற்காக எடுத்துக்காட்டுக் கணக்குகளை விட்டுவிட வேண்டாம். புதிய பாடத்தை அறியாத பிள்ளையிடம் வெறும் கணக்கைக் கொடுத்து ‘நீயே கண்டுபிடி’ என்பது யோசனையை வளர்க்காது, சோர்வைத்தான் வளர்க்கும். முதல் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் கடைசி வரியை அவர்கள் எழுதட்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு வரிகள். நான்காவதில் கேள்வி மட்டும்.

அறிவியலுக்கு ஊசலைவிட நல்ல பாடம் குறைவு. நூல், இரும்பு நட்டு, அளவுகோல், செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். பெஞ்சு விளிம்பில் கட்டினால் 100 செ.மீ. நூல் தரையில் முட்டும், ஜன்னலின் உயரமான குறுக்குக் கம்பியில் கட்டுங்கள். நீளத்தை முடிச்சிலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை அளக்க வேண்டும். சற்றே இழுத்து விட்டு 10 அலைவுகளுக்கு (நட்டு போய்த் திரும்பி வருவது ஒரு அலைவு) நேரம் பாருங்கள். 25 செ.மீ. நூலுக்கு ஏறக்குறைய 10 விநாடி வரும்.

இப்போது கேளுங்கள்: ‘50 செ.மீ. ஆக்கினால்?’ ஊகத்தை எழுதிய பிறகுதான் நூலைத் தொட வேண்டும். பெரும்பாலும் 20 என்பார்கள். ஆனால் வருவது 14 விநாடிதான். அப்படியென்றால் 20 எப்போது வரும்? 100 செ.மீ.யில் வரும். நீளம் 4 மடங்கானால்தான் நேரம் 2 மடங்காகும். நேர் விகிதத்தை எங்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இந்த இடத்தில் உடைகிறது, கணிதப் பாடமும் சேர்ந்தே நடக்கிறது.

அடுத்து, ‘எடை கூடினால் நேரம் மாறுமா?’ இங்கேதான் சோதனை பிசகும். ஒரு குழு மூன்று நட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டிவிடும். எடையின் மையம் 2 செ.மீ. இறங்கினாலே, 25 செ.மீ. நூலில் 10 அலைவுக்கு 0.4 விநாடி கூடும். ‘எடை கூடினால் நேரம் கூடுது’ என்று எழுதிவிடுவார்கள். பக்கத்துக் குழு மூன்றையும் ஒரே மட்டத்தில் சேர்த்துக் கட்டியிருக்கும், அவர்களுக்கு மாறியிருக்காது. தவறு என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு ஊசலையும் அருகருகே பிடித்து, ‘எடையைத் தவிர வேறு என்ன மாறியிருக்கு?’ என்று கேளுங்கள். நோட்டில் மூன்று கட்டங்கள் இருக்கட்டும்: மாற்றியது, அளந்தது, மாறாமல் வைத்தது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தக் குழு மறுபடி செய்ய வேண்டும். இன்னொரு பிழை, நட்டை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணுவது. அப்போது அளப்பது 9 அலைவுதான், 10 விநாடிக்குப் பதில் 9 வரும். விடும்போது ‘பூஜ்ஜியம்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

இத்தனை செய்தும் ஸ்லிப் டெஸ்டில் விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் பழைய வழிக்கே போவார்கள். 5 மதிப்பெண் கணக்கில் 2 மதிப்பெண்ணை ‘ஏன் இப்படிப் போட்டேன்’ என்ற ஒரு வரிக்கு வையுங்கள். வழி சரியாக இருந்து கூட்டலில் தவறினால் அந்த 2 கிடைக்க வேண்டும். முதல் சில வாரம் அந்த இடத்தில் ‘டீச்சர் சொன்னாங்க’ என்று எழுதியிருக்கும். அதற்குப் பூஜ்ஜியம் போடாமல், நோட்டைத் திருப்பிக் கொடுத்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதி வாங்குங்கள்.