தொரோங் லா கணவாயைக் கடக்க வழிகாட்டி அவசியமா?

அவசியம் என்பேன். நேபாளத்தின் அன்னபூர்ணா மலைநடைச் சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தொரோங் லா. அங்கே வழி தவறுவதைவிடப் பெரிய ஆபத்து, எப்போது திரும்புவது என்று தெரியாமல் போவது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி, உடனே கீழே இறங்க வேண்டும். இவ்வளவு செலவழித்து வந்தவருக்கு அதற்கு மனம் வராது. நல்ல வழிகாட்டி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, பையை வாங்கிக்கொண்டு இறக்கிவிடுவார். வழியில் மனாங் ஊரில் (3,540 மீ.) ஒருநாள் கூடுதலாகத் தங்கவைப்பதும் உயரத்துக்கு உடல் பழகட்டும் என்றுதான்.

கடக்கும் நாளில் விடியுமுன் கிளப்பிவிடுவார். முற்பகலுக்குப் பின் மேலே காற்று ஆளை நிற்கவிடாது. 2014 அக்டோபர் பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கணவாயைக் கடந்த பிறகு முக்திநாத் வரை ஏறக்குறைய 1,600 மீட்டர் இறக்கம். முழங்காலைப் பதம் பார்த்துவிடும், இரண்டு கைத்தடி எடுத்துப் போங்கள்.