கண்டுபிடித்த பிறகு என்ன?

கேள்வி: 'கில் பில்' படத்தை ரசிகர்கள் அங்குலம் அங்குலமாக அலசுகிறார்கள். இந்த உடை புரூஸ் லீயுடையது, இந்தப் பனிச் சண்டை ஒரு ஜப்பானியப் படத்திலிருந்து வந்தது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இது ரசனையா, பொது அறிவுப் போட்டியா? இத்தனையும் வெளியிலிருந்து வந்தது என்றால் அதன் இயக்குநர் குவென்டின் டரான்டினோவுக்குச் சொந்தமாக என்னதான் மிஞ்சுகிறது?

பதில்: இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சில் கட்டிவிட்டீர்கள். இரண்டாவதை முதலில் அவிழ்க்கிறேன், அதில் ஓர் அநியாயம் இருக்கிறது.

திருடுகிறவன் தடயத்தை மறைப்பான். டரான்டினோ அதைப் படத்தின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறார். 2003-ல் வந்த முதல் பாகத்தின் தொடக்கத்தில், ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் பட நிறுவனத்தின் படங்களில் வரும் பழைய 'ஷாஸ்கோப்' அகலத்திரை முத்திரை தோன்றுகிறது. கறுப்புக் கோடு போட்ட அந்த மஞ்சள் உடை, புரூஸ் லீ 1973-ல் இறந்ததால் அரைகுறையாக நின்று 1978-ல் வெளிவந்த 'கேம் ஆஃப் டெத்' படத்துக்கானது. குங்ஃபூ படம் ஒன்றிரண்டு பார்த்தவருக்குக்கூட அது தெரியும். ஊரறிந்த உடையைக் கதாநாயகிக்கு அணிவிக்கிறவர் யாரை ஏமாற்றப் பார்க்கிறார்?

எதிரியைக் கண்டதும் கதாநாயகியின் காதில் அலறுகிறதே ஒரு சைரன், அதன் பயணத்தைப் பாருங்கள். குவின்சி ஜோன்ஸ் 'அயர்ன்சைடு' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக அமைத்த இசை அது. 1972-ல் ஹாங்காங்கில் எடுத்த 'கிங் பாக்ஸர்' படத்தில், நாயகனின் உள்ளங்கை செந்நிறமாக ஒளிரும் இடத்தில் அது ஒலித்தது. அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனது. முப்பது ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கர், ஹாங்காங் கொடுத்த அர்த்தத்தோடு அதைத் தன் படத்தில் வைக்கிறார். முதன்முறை பார்த்தபோது இந்த வரலாறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஒலி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. மூலம் தெரியாதவரையும் அசைக்கும்படி அதைச் சரியான நொடியில் வைத்தாரே, அதுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

இனி உங்கள் முதல் கேள்வி. எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் ஒரே மதிப்பெண் போடுவதை நான் ஏற்க மாட்டேன். விமான நிலையத்தில் 'ரெட் ஆப்பிள்' சிகரெட் விளம்பரம் தெரிகிறது. அது டரான்டினோவே கற்பனை செய்து தன் படங்களில் உலவவிடும் பெயர். கவனித்தால் ஒரு புன்னகை, அவ்வளவுதான். அதைத் தாண்டி அங்கே தோண்ட ஒன்றுமில்லை.

கதாநாயகியின் பெயர் விஷயம் அப்படியல்ல. முதல் பாகம் முழுவதும் யாராவது அவள் பெயரைச் சொன்னால் ஒரு 'பீப்' ஒலி அதை மூடிவிடும். கூர்ந்து பார்த்தவர்கள் அவளுடைய விமானப் பயணச்சீட்டில் பெயர் அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நல்ல கண்தான். ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. படத்தின் முதல் காட்சியிலேயே, அவளைச் சுடுவதற்கு முன், பில் அவளைக் 'கிட்டோ' என்று அழைக்கிறான். ஆங்கிலத்தில் 'குட்டி' என்பதுபோல ஒரு சொல் அது; செல்லமாகக் கூப்பிடுகிறான் என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறோம். 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவள் பெயர் பியாட்ரிக்ஸ் கிட்டோ என்று தெரிகிறது. ஒலி போட்டு மூடிய பெயரில் பாதியை, அவளைக் கொல்ல வந்தவன் வாயாலேயே முதல் நிமிடத்தில் நமக்குச் சொல்லிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். பில்லின் குரலில் இருக்கும் நெருக்கம் இன்னும் பயங்கரமாகக் கேட்கும்.

இன்னொரு சிறு விவரம், தன்னைக் கொல்ல முயன்றவர்களைப் பழிவாங்க அவள் கையில் வைத்திருக்கும் கொலைப்பட்டியல். படத்தில் முதலில் சாகிறவள் வெர்னிட்டா கிரீன். அவள் பெயரை அடிக்கும்போது, மேலே ஓ-ரென் இஷியின் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, படத்தின் உச்சமாக ஓ-ரெனோடு வரப்போகும் சண்டையில் யார் வெல்வார் என்பதை இயக்குநர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். இதை வெறும் தகவலாகக் குறித்துவைத்துவிட்டு நகர்கிறவர்கள்மீது எனக்கு உண்மையாகவே வருத்தம். முடிவை ஏன் முன்கூட்டியே சொன்னார் என்று கேட்க வேண்டாமா?

அதற்கான விடை நீங்கள் குறிப்பிட்ட பனிச் சண்டையில், அதாவது ஓ-ரெனோடு நடக்கும் அந்த உச்சச் சண்டையில், இருக்கிறது. அதன் மூலப்படம், தோஷியா ஃபுஜிதா இயக்கி 1973-ல் வந்த 'லேடி ஸ்னோபிளட்'. தன் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்குவதற்கென்றே சிறைச்சாலையில் பெற்றெடுக்கப்பட்ட யூக்கி என்ற பெண்ணின் கதை. யூக்கி என்றால் பனி. யூக்கியாக நடித்த மெய்கோ காஜியே பாடிய பாட்டும் அதில் உண்டு. அதே பாட்டு 'கில் பில்'லிலும் வருகிறது என்பதைப் பலரும் சொல்கிறார்கள். எப்போது வருகிறது? ஓ-ரென் பனியில் சாய்ந்த பிறகு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பழிவாங்கப் புறப்பட்டவள் மஞ்சள் உடைக்காரி. ஆனால் வெள்ளைக் கிமோனோவில் யூக்கியின் சாயலோடு நிற்பவள் ஓ-ரென். ஒன்பது வயதில் பெற்றோர் கொலையுண்டதைக் கட்டிலுக்கடியில் ஒளிந்தபடி கண்டவளும், பதினொரு வயதில் அந்தக் கொலைகாரனைக் கொன்றவளும் அவள்தான். பழிவாங்குகிறவளின் பாட்டு, வென்று நிற்பவளுக்காக ஒலிக்கவில்லை. விழுந்து கிடப்பவளுக்காக ஒலிக்கிறது. யூக்கியை அறிந்தவருக்கு அந்த நொடியில் ஓ-ரென் வில்லி அல்ல, இன்னொரு படத்தின் நாயகி. யார் வெல்வார் என்ற பதைப்பு நமக்கு இருந்திருந்தால் அந்தத் துயரம் காதில் ஏறியிருக்காது. அதற்காகத்தான் பட்டியலில் முன்பே கோடு போட்டுவிட்டார் என்பது என் தீர்மானமான எண்ணம். இதைப் பொது அறிவுப் போட்டி என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகத்தில் வெண்தாடியை நீவிக்கொண்டு மாணவி கிட்டோவை வாட்டி வதைக்கும் 'பாய் மெய்' என்ற குருவாக நடித்தவர் கார்டன் லியூ. 1978-ல் வந்த '36-த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தில் அடிபட்டு, உதைபட்டு, படிப்படியாகக் கலை பயின்ற மொட்டைத்தலை மாணவன் அவர்தான். 1980-ல் வந்த 'கிளான் ஆஃப் தி ஒயிட் லோட்டஸ்' படத்தில் இதேபோன்ற வெண்தாடி எதிரியோடு மோதுகிற இளைஞனும் அவரே. இளமையில் எந்தத் தாடியை எதிர்த்து நின்றாரோ, அந்தத் தாடியை ஒட்டிக்கொண்டு கல் படிக்கட்டின் உச்சியில் அமர்ந்திருக்கிறார். அந்தக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது, கிட்டோவை விட்டுவிட்டு அவர் கண்களை மட்டும் கவனியுங்கள்.