எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வகத்தில் செய்தது என்ன?

கேள்வி: தரமணியில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தைத் தினமும் தாண்டிப் போகிறேன். குட்டைக் கோதுமை அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் கொடுத்தது. அப்படியானால் இவர் வெறும் நிர்வாகிதானா?

இல்லைங்க. அடிப்படையில் அவர் மரபியலாளர். உருளைக்கிழங்கின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு 1954இல் ஊர் திரும்பி, கட்டாக்கில் நெல் ஒட்டுரக ஆய்வில் சேர்ந்தார்.

கோதுமையில் அன்று பெரிய சிக்கல் சாய்வு. நம் நெட்டை ரகங்களுக்கு உரம் கூட்டினால் கதிர் கனத்துத் தாள் படுத்துவிடும். டெல்லியில் அவர் குழு கதிர்வீச்சால் தாளைக் குட்டையாக்கப் பார்த்தது. கூடவே கதிரும் சிறுத்தது. குட்டைத் தாளில் பெரிய கதிர் தரும் மரபணு ஜப்பானின் நோரின் 10 ரகத்தில் இருந்தது. அதை வைத்து மெக்சிகோவில் ரகங்கள் உருவாக்கிய போர்லாக்கை 1963இல் இங்கே வரவழைத்ததில் இவர் பங்கு பெரிது.

அப்படி மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகமான சொனோரா 64இன் மணி சிவப்பு. சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்கு அது பிடிக்குமா? காமா கதிர் பாய்ச்சி, மணி பொன்னிறமாக இருக்கும் ஷர்பதி சொனோராவை எடுத்தார்கள். என் கணக்கில் இதுதான் அழகான வேலை, ஆனால் யாரும் பேசுவதில்லை.

1987இல் முதல் உலக உணவுப் பரிசு. மறு வருடம் தொடங்கியதுதான் நீங்கள் தாண்டிப் போகும் நிறுவனம். உப்பு நீரில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் ஏற்றி, உப்பைத் தாங்கும் பயிருக்கு அங்கே முயன்றார்கள். 2023 செப்டம்பரில் சென்னையிலேயே காலமானார்.