தறிக்காரரிடம் கேளுங்கள்

பொதட்டூர்ப்பேட்டையில் பாதி ஆயுள் கைத்தறி, மீதி விசைத்தறி ஃபிட்டர் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏகாம்பரகுப்பத்துத் தம்பி: அண்ணே, ரேபியர் தறி வந்தால் எங்கள் வேலை போய்விடுமா?

ஒரே நாளில் போகாது தம்பி. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடாக் கட்டை ஓடும் பழைய விசைத்தறி நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு இழை) போட்டாலே பெரிசு, நாடாவே இல்லாத ரேபியர் 300-ஐத் தாண்டும். துணி குவிந்தால் மீட்டர் கூலி இறங்கும், அதே காசுக்கு நீ இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பாய். எங்கள் வீட்டில் கைத்தறி அப்படித்தான் போனது. பகலில் நெய்தது போதாமல் அப்பா ராத்திரியும் நெய்தார், அம்மா நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றி முடிப்பதற்குள் விடிந்துவிடும். கடைசியில் தறிக்குழியை மூடி சிமெண்ட் பூசினோம், இப்போது அங்கே பிரிட்ஜ் நிற்கிறது. முதலாளியிடம் முன்பணம் மட்டும் வாங்காதே. கடன்பட்டவன் கூலி பேச முடியாது.

பள்ளிப்பட்டு அம்மா: இலவச மின்சாரம் எவ்வளவு?

2023-இல் உயர்த்தியபடி இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300. நகரிப் பக்கம் தறி வைத்திருந்தால் இது செல்லாதம்மா, அது ஆந்திரா.

கல்லூரி மாணவர்: வெள்ளைக்காரன் நெசவாளர் கட்டைவிரலை வெட்டினானாமே?

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் போல்ட்ஸ் 1772-இல் எழுதியது வேறு. பட்டு நூல் சுற்றச் சொல்லி வற்புறுத்தியதால் வங்காளத்தில் சிலர் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்களாம்.

அதே மாணவர்: அப்போ வெள்ளைக்காரன் நல்லவனா?

யாரப்பா அப்படிச் சொன்னது? முழுசாகக் கேள். பணம் வேண்டாம் என்ற நெசவாளியின் இடுப்புத் துணியில் அதை முடிந்துவிட்டு, சவுக்கால் அடித்து அனுப்பினார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதுவும் முன்பணம்தான். நான் கத்துவது எதற்கென்று இப்போது புரிகிறதா?

இன்னொருவர்: கட்டைவிரல் கதை எங்கள் பாட்டி சொன்னது, பொய்யாகுமா?

பாட்டியைப் பொய் என்று சொல்லவில்லை. யார் வெட்டினார் என்பதுதான் பேச்சு. விடுங்கள், தறிக்கு வருவோம்.

திருத்தணி: ரேபியர் வந்தால் வேலை போகுமா ஐயா?

மேலே படியுங்கள்.

நகரி: கைத்தறி ரகத்தை விசைத்தறியில் ஓட்டலாமா?

கூடாது. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, இப்போது 11 ரகம் கைத்தறிக்கே. ஓட்டுகிறார்கள், அது வேறு விஷயம்.

ஆர்.கே. பேட்டை அம்மா: மகள் கல்யாணத்துக்கு முதலாளி 50,000 தருகிறார், வாங்கட்டுமா?

எத்தனை தடவைதான் சொல்வது! சரி, கோபமில்லை. கல்யாணம் என்றைக்கு? நாள் இருந்தால் முதலில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுப் பாருங்கள்.